காய்ந்த சேறு கல்லான பிறகும் வெயிலைக் காட்டிக்கொடுக்குமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். ஆக்ரா பக்கம் போனபோது, ஒரு பழைய கட்டிடத்தின் முற்றத்தில் பாவியிருந்த சிவப்பு மணற்கல் பலகை ஒன்றில் வலைபோல மேடான கோடுகளைப் பார்த்திருக்கிறீர்கள். பக்கத்துப் பலகையில் சின்னச் சின்னக் குழிகள். வழிகாட்டி, "இது நூறு கோடி வருஷத்துக்கு முந்தைய வெயிலும் மழையும்" என்றிருக்கிறார். சேறு தண்ணீருக்கடியிலேயே வெடித்திருக்கக் கூடாதா, குழிகளை வேறு ஏதாவது உண்டாக்கியிருக்கக் கூடாதா என்பது உங்கள் சந்தேகம். ஆக, நீரில் படிந்த ஒரு படிவு பிற்பாடு நீருக்கு வெளியே வந்து, காற்றும் வெயிலும் பட்டுக் கிடந்தது என்பதைக் கல்லை மட்டும் வைத்து எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. நல்ல சந்தேகம். இதே சந்தேகத்தில் நிலவியலாளர்கள் நூற்றாண்டுக்கு மேலாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் படிவுப் பாறைகளைப் பல வருடம் மாணவர்களுக்குக் கற்பித்தவன். அந்தப் பலகைகளை நேரில் பார்க்காததால், அவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எதை எதைப் பார்க்க வேண்டும், எது வலுவான சான்று, எது பலவீனமான சான்று என்று மட்டும் சொல்கிறேன். முன்கூட்டியே ஒன்று: வெடிப்பு நல்ல சாட்சி, ஆனால் அதன் குறுக்குவெட்டைப் பார்த்தால்தான். குழி தனியாக நின்றால் மிகவும் பலவீனமான சாட்சி.

வெடிப்பிலிருந்து தொடங்குவோம். கோடையில் வற்றிய ஏரியின் நடுவில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். களிமண் துகள்கள் தங்களுக்கிடையே நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. நீர் போகப் போக மண் சுருங்குகிறது. பக்கவாட்டில் இழுத்துக்கொள்ள இடமில்லாததால் கிழிகிறது. காற்றுப் படும் மேற்பரப்புதான் முதலில் காய்கிறது, அதனால் கிழிசல் மேலே தொடங்கிக் கீழே இறங்குகிறது. மேலே அகலமாகவும் கீழே போகப் போக ஒடுங்கியும் ஆப்பு வடிவில் இருக்கும். வெடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து பாளங்களாகப் பிரியும். மேல் தோல் அடித்தோலைவிட வேகமாகச் சுருங்குவதால் பாளத்தின் ஓரங்கள் மேல்நோக்கி வளைந்து பொருக்காக நிற்கும். அடுத்த வெள்ளமோ காற்றோ கொண்டுவரும் மணல் அந்த இடைவெளிகளை நிரப்பி, மேலே ஓர் அடுக்காகவும் படியும். பிறகு எல்லாம் புதைந்து கல்லாகும்.

இதிலிருந்து உங்கள் பலகையைப் பற்றி ஒன்று ஊகிக்கலாம். மணல் காய்ந்தால் இப்படிச் சுருங்கி வெடிக்காது. வெடித்தது சேறு, நீங்கள் பார்த்ததோ மணற்கல். கோடுகள் பள்ளமாக இல்லாமல் மேடாக இருந்தன என்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் வெடிப்பை அல்ல, வெடிப்பை நிரப்பிய மணலின் வார்ப்பை. அது மணல் அடுக்கின் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். கீழே இருந்த மெல்லிய களியடுக்கு உதிர்ந்துபோய், மணற்கல்லின் அடிவயிறு வெளியே தெரிகிறது. அதாவது பலகை பதித்தவர் அதைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார். மலைமடிப்புகளில் அடுக்குகள் புரண்டு கிடக்கும் இடங்களில், எது மேல் எது கீழ் என்று கண்டுபிடிக்க நாங்கள் இதே விதியைத்தான் பயன்படுத்துகிறோம்: ஆப்பு ஒடுங்கும் திசை கீழ்.

இனி உங்கள் சந்தேகம். ஆம், தண்ணீருக்கடியிலும் சேறு சுருங்கி வெடிக்கலாம். நீரின் உப்புத்தன்மை திடீரென்று மாறினால் சில வகைக் களிகள் தாங்கள் பிடித்திருந்த நீரை விட்டுவிட்டுச் சுருங்கும். ஆய்வகத்தில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். இப்படி உண்டாகும் வெடிப்புகள் பொதுவாக இரண்டு முனையும் கூர்மையான கதிர் வடிவில், தனித்தனியாக, ஒன்றோடொன்று சேராமல் இருக்கும். முழுப் பாளங்களாகப் பிரிவது குறைவு. ஆகவே பலகோண வலை முழுமையாக மூடியிருந்தால் காய்ந்து வெடித்தது, அரைகுறைக் கீறல்களாக இருந்தால் நீரடியில் வெடித்தது என்று பாடப்புத்தகங்கள் எழுதும். இது பெரும்பாலும் சரி, எப்போதும் சரியல்ல. காய்தல் பாதியில் நின்றாலும் கீறல்கள் அரைகுறையாகத்தான் இருக்கும். ஸ்காட்லாந்தின் கெய்த்னெஸ் பகுதியில் டெவோனியக் கால (ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய) ஏரிப் படிவுகளில் கதிர் வடிவக் கீறல்கள் ஏராளம். நீரடி வெடிப்புக்கு அவைதான் மாதிரி உதாரணம் என்று வெகுகாலம் கற்பிக்கப்பட்டது. 1991-ல் ஆஸ்டினும் ரோஜர்ஸும் அவற்றை மறுபடி ஆராய்ந்து, இவை காய்ந்துகொண்டிருந்த சேற்றில் ஜிப்சம் (உப்புச் செறிந்த நீர் வற்றும்போது படியும் ஒரு கனிமம்) படிகங்கள் வளர்ந்த இடங்களோடு தொடர்புடையவை, ஏரி வற்றியதன் அடையாளம் என்று வாதிட்டார்கள். அதாவது அதே கல், நேர் எதிரான முடிவு. வாதம் முழுதாக ஓயவில்லை. கீறல் வடிவத்தை மட்டும் வைத்து முடிவு கட்டுபவர்களை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

உங்கள் கல் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆக்ரா, ஃபதேபூர் சிக்ரி வட்டாரக் கட்டிடங்களின் சிவப்பு மணற்கல் விந்தியப் படிவுத் தொகுதி என்று நாங்கள் அழைக்கும் மிகப் பழைய பாறை அடுக்குகளின் மேற்பகுதியைச் சேர்ந்தது. அது படிந்த காலத்தில் சேற்றை மேய்ந்து கிளறும் விலங்குகள் இல்லை. அதனால் ஆழமற்ற நீரில் எங்கும் நுண்ணுயிர்ப் பாய்கள், அதாவது நுண்ணுயிர்கள் கூட்டமாக வளர்ந்து தரையில் விரிக்கும் படலங்கள், பரவிக் கிடந்தன. விந்தியப் பாறைகள் அவற்றின் தடங்களுக்குப் பேர்போனவை. இந்தப் பாய்கள் மணல் துகள்களையும் கட்டிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே சுத்தமான மணலே ஒரு தோல்போல நடந்துகொண்டு கிழியவும் சுருளவும் முடியும். அப்படிப்பட்ட கீறல்கள் பெரும்பாலும் வளைந்து நெளிந்து, சிற்றலைத் தடங்களின் பள்ளங்களை ஒட்டி ஓடும். அவை காய்ந்தும் வரலாம், நீரடியிலும் வரலாம். நேர்கோட்டுப் பக்கங்களோடு பாளம் பாளமாகப் பிரிந்த வலையாக இருந்தால், அதுவும் கோடுகளின் குறுக்கே உடைந்த ஓரத்தில் மணல் ஆப்பு தெரிந்தால், கவலையில்லை. பலகையின் ஓரத்தைப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது அதற்குத்தான். ஆப்பு சில நேரம் நேராக இல்லாமல் மடிந்து நெளிந்திருக்கும். புதைந்த சேறு எடையால் நசுங்கும்போது உள்ளே இருக்கும் மணல் அவ்வளவு நசுங்காமல் மடிந்துபோவதால் இப்படி ஆகிறது. வெடிப்பு சேறு இறுகுவதற்கு முன்பே உண்டானது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி கிடைக்காது.

பழைய வெடிப்பையும் இன்றைய வெடிப்பையும் குழப்பிக்கொள்வதுதான் மாணவர்கள் களத்தில் அடிக்கடி செய்யும் தவறு. பெரம்பலூர் மாவட்டத்தில் காரை கிராமத்தை ஒட்டிய களிமண் மேடுகளுக்குப் போனால், தரை முழுக்கப் பொரிந்து வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்பு போன கோடையுடையது. களிக்குள் அம்மோனைட், பெலெம்னைட் போன்ற கடல்வாழ் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடக்கின்றன. அது டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தில் கடலடியில் படிந்த களி. அங்கே ஜிப்சம் தகடுகளும் பளபளவென்று கிடைக்கும். "ஜிப்சம் இருக்கிறதே, அப்படியானால் கடல் வற்றியிருக்கிறது" என்று கேட்கத் தோன்றும். அந்தத் தகடுகளில் பல, அடுக்குகளை வெட்டிக்கொண்டு நரம்புகளாக ஓடுகின்றன. அடுக்கு படிந்து முடிந்த பிறகு விரிசல்களுக்குள் வளர்ந்தவை அவை. கடல் வற்றியதற்குச் சான்றாகா. கட்டிடக் கல்லிலும் இதே எச்சரிக்கை தேவை: திறந்த வெளியில் பல நூற்றாண்டு கிடந்த மணற்கல்லின் மேல்தோல் தானாகவே பலகோணமாகப் பிளவுபடுவதுண்டு. அந்தப் பிளவுகளுக்குள் வேறு நிற மணல் நிரப்பம் இருக்காது, தோலுக்குக் கீழே போகவும் போகாது.

வெடிப்பு வலையில் இன்னொரு தகவலும் ஒளிந்திருக்கிறது. சேறு முதல் தடவை காயும்போது, ஏற்கெனவே உண்டான வெடிப்பின் மேல் புதிய வெடிப்பு செங்குத்தாக வந்து முட்டும். சந்திகள் ஆங்கில டி எழுத்து வடிவில் இருக்கும். நனைந்து காய்ந்து, மறுபடி நனைந்து காய்ந்து என்று பல சுற்று நடந்தால் சந்திகள் மெல்ல நகர்ந்து, மூன்று கோடுகள் சம கோணத்தில் சந்திக்கும் ஒய் வடிவத்துக்கு மாறுகின்றன; பாளங்கள் அறுகோணத்தை நெருங்குகின்றன. லூகாஸ் கோரிங்கும் குழுவினரும் 2010-ல் இதை ஆய்வகத்தில் களிமண்ணை வைத்து நிரூபித்தார்கள். செவ்வாய்க் கோளின் கேல் பெருங்குழியில் 2021-ல் கியூரியாசிட்டி ஊர்தி படம் பிடித்த பாறையில் இப்படிப்பட்ட ஒய் சந்திகளோடு சில சென்டிமீட்டர் அளவிலான அறுகோண வலை தெரிந்தது. 2023-ல் வெளியான ஆய்வு, அங்கே ஒரே ஒரு தடவை ஏரி வற்றவில்லை, ஈரமும் வறட்சியும் மாறி மாறி வந்திருக்கின்றன என்று முடிவு செய்தது. ஒரு சந்தியின் கோணத்தை வைத்து இன்னொரு கோளின் பருவங்களைப் பற்றிப் பேச முடிகிறது. இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த வேலைகளில் அது ஒன்று. உங்கள் படத்தில் சந்திகள் தெளிவாகத் தெரிந்தால் டி எத்தனை, ஒய் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, குழிகள். மழைத்துளித் தடம் உண்மையிலேயே கல்லில் நிற்கும். நிலவியலாளர் சார்ல்ஸ் லயல் 1851-லேயே புதைபடிவ மழைத்தடங்களைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இன்றைய கனடாவின் ஃபண்டி விரிகுடாச் சேற்றில் விழுந்து காய்ந்த மழைத்தடங்களோடு பழைய கற்களை ஒப்பிட்டுப் பார்த்தார். அசல் துளித்தடத்துக்குச் சுற்றிலும் மெல்லிய வரம்பு இருக்கும். துளி சாய்வாக விழுந்திருந்தால் ஒரு பக்கம் வரம்பு உயர்ந்திருக்கும், பல குழிகளில் ஒரே பக்கமாக. தூறலாக இருந்தால் குழிகள் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் தனித்தனியாக நிற்கும். பலத்த மழை என்றால் எல்லாம் கலைந்து, பரப்பு வெறும் கரடுமுரடாகிவிடும். இன்னும் கொஞ்சம் மழை நீடித்தால் சேறே கரைந்து ஓடிவிடும். ஆகவே மழைத்தடம் நிலைக்க, சேறு சரியான பதத்தில் இருந்து, சிறு தூறல் விழுந்து, உடனே வெயில் அடித்துக் காய்ந்து, பிறகு மெதுவாக மூடப்பட வேண்டும். அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

ஆனால் சேற்றுக்குள்ளிருந்து வெளியேறும் வாயுக் குமிழிகளும் இதே அளவுக் குழிகளை உண்டாக்கும். நுண்ணுயிர்ப் பாய்களுக்கடியில் வாயு சேர்வது சகஜம். கரையில் ஒதுங்கும் நுரையும் குழிகளை விட்டுப்போகும். குமிழிக் குழியை வெட்டிப் பார்த்தால் சில நேரம் கீழே ஒரு சிறு குழாய் தெரியும். மழைத்துளிக்கு அது இருக்காது. பலகையின் மேல்பரப்பை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிப்பது கடினம். எனவே வழிகாட்டி சொன்ன "மழை"யை நான் இப்போதைக்கு ஒதுக்கி வைப்பேன். அதே பரப்பில் வெடிப்புகளும் இருந்து, குழிகள் பாளத்தின் மேல் மட்டும் இருந்தால் நம்பிக்கை கூடும். நீங்கள் பார்த்தவை இரண்டு வெவ்வேறு பலகைகள்; அவை ஒரே அடுக்கிலிருந்து வந்தவை என்று சொல்ல வழியில்லை.

அசல் மழைத்தடம் என்று ஏற்றுக்கொண்ட பிறகும் அதிலிருந்து எவ்வளவு கறக்கலாம் என்பதில் சண்டை உண்டு. தென்னாப்பிரிக்காவில் 270 கோடி ஆண்டுப் பழைய எரிமலைச் சாம்பல் படிவில் மழைத்தடங்கள் இருக்கின்றன. சஞ்சய் சோம் குழுவினர் 2012-ல் அவற்றின் அளவை அளந்து, அன்றைய காற்றின் அடர்த்தி இன்றைப்போல இரண்டு மடங்குக்குள்தான் இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். காற்று அடர்ந்தால் துளி மெதுவாக விழும், குழி சிறுக்கும் என்பது அடிப்படை. 2015-ல் கவானாவும் கோல்ட்ப்ளாட்டும், குழியின் அளவை முக்கியமாகத் தீர்மானிப்பது மழை எவ்வளவு பலமாகப் பெய்தது என்பது, ஆகவே இந்த இரண்டு மடங்கு வரம்பு இவ்வளவு இறுக்கமாக இருக்க முடியாது என்று மறுத்தார்கள். எனக்கு மறுப்புதான் வலுவாகப் படுகிறது. மழை பெய்தது உறுதி, காற்றின் அடர்த்தி உறுதியில்லை.

வேறு சில அடையாளங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பொருக்குகளை அடுத்த வெள்ளம் அடித்துக்கொண்டு போய் மணலுக்குள் சில்லுகளாகப் புதைத்துவிடும். மணற்கல்லுக்குள் தட்டையான களிச்சில்லுகள் கூட்டமாகக் கிடந்தால் பக்கத்தில் எங்கோ சேறு காய்ந்திருக்கலாம், ஆனால் நீரடியிலேயே பெயர்ந்த சில்லுகளும் அப்படித்தான் இருக்கும். நீர் வடியும்போது சிற்றலைத் தடங்களின் முகடு சீவப்பட்டுத் தட்டையாகும். காற்று படியவைத்த மணலில், ஒவ்வொரு மெல்லிய வரியிலும் அடியில் நுண்மணலும் மேலே சற்றுப் பெரிய மணலுமாக இருக்கும். 1977-ல் ரால்ஃப் ஹண்டர் விவரித்த அந்த வரிகள் எனக்கு மிகவும் பிடித்த சான்று, ஏனென்றால் நீரில் அவை உண்டாவது அரிது. தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணல்மேடுகளில் காற்று இன்றும் மணலை நகர்த்துவதைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி நடக்கிறது என்று விளங்கும்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். சேற்றுக்கல்லின் மேல் கனசதுர வடிவ அச்சுகள் தெரிந்தால், அங்கே உப்புப் படிகம் வளர்ந்து, பின்பு கரைந்து, அந்த இடத்தில் வேறு படிவு நிரம்பியிருக்கிறது. வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளப் பாத்திகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, உப்பு என்றாலே முழங்கால்கூட நனையாத ஆழம் என்றுதான் தோன்றும். சாக்கடலிலோ ஏறக்குறைய 300 மீட்டர் ஆழத்து அடித்தரையில் இன்றைக்கும் உப்பு படிந்துகொண்டிருக்கிறது. அங்கே காற்றும் படவில்லை, வெயிலும் படவில்லை. நீர் உப்பால் செறிந்திருந்தது என்பதற்கு உப்பு சான்று. தரை காய்ந்தது என்பதற்கு அல்ல.

இதன் பெரிய அளவிலான உதாரணம் மத்தியதரைக் கடல். 1970-ல் குளோமர் சேலஞ்சர் கப்பல் அதன் அடித்தரையைத் துளையிட்டபோது உப்பும் ஜிப்சமும் வெளிவந்தன. கென்னத் ஷூ, வில்லியம் ரயன், மரியா சீட்டா ஆகியோர், ஏறத்தாழ 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக்கோடு தொடர்பு குறுகி, அந்தக் கடல் ஆழமான பள்ளமாகவே வற்றியது என்று வாதிட்டார்கள். அவர்களுடைய சான்றுகளில் ஒன்று, அன்ஹைட்ரைட் (நீர் சேராத ஜிப்சம்) முடிச்சு முடிச்சாக வளர்ந்திருந்த விதம். 1960-களில் அபுதாபியின் கரையோர உப்புத் தரைகளில் அதே முடிச்சுகள் மண்ணுக்குள் வளர்வதைக் கண்டிருந்தார்கள்; அதனால் இங்கேயும் தரை வெளியே தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். பிற்பாடு, அதே முடிச்சுகள் புதைந்த பிறகும் உண்டாகலாம் என்று தெரிந்தது. கடல் மட்டம் இறங்கியது என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். எவ்வளவு இறங்கியது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

எல்லாவற்றையும்விட நான் மதிப்பது பழைய மண். ஓரிரு வாரம் வெயில் அடித்தால் வெடிப்பு வந்துவிடும். மண் உருவாக நெடுங்காலம் வேண்டும். வேர் போன தடங்கள் கீழே போகப் போகக் கிளைத்து மெலிவது, அடுக்குகளின் கோடுகள் மேலே முற்றாகக் கலைந்து கீழே மெல்லத் தெளிவாவது, நிறத்திட்டுகள், கரிசல் மண்ணில் வருவதுபோன்ற வழவழப்பான உரசல் பரப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் அங்கே நிலம் நிலமாக இருந்திருக்கிறது. நம் ஊர்க் காடுகளில் தோண்டினால் கிடைக்கும், ஒரு காலத்தில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த சுக்கான் கல்லும் இந்த வகைதான்: மழைநீர் கரைத்துக் கீழே கொண்டுபோன சுண்ணாம்பு, மண் காயும்போது கட்டியாகத் தங்கிவிடுகிறது. பழைய படிவில் சுக்கான் கட்டிகள் ஒரு மட்டத்தில் வரிசையாக, மேலே வேர்த்தடங்களோடு இருந்தால் வறண்ட பருவமுள்ள நிலம் என்று தைரியமாகச் சொல்லலாம். வெறும் கட்டிகள் மட்டும் என்றால் பொறுங்கள், நிலத்தடி நீரும் அதைச் செய்யும். தக்காண எரிமலைப் பாறை அடுக்குகளுக்கிடையே தெரியும் செம்மண் பட்டைகளிலும் இதே இழுபறி உண்டு: சில காற்றிலும் மழையிலும் சிதைந்த பழைய தரை, சில பிற்பாடு உருமாறிய சாம்பல் என்று இடத்துக்கு இடம் தனியாக வாதிட வேண்டியிருக்கிறது.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை: நூறு கோடி என்பதை அந்தத் தடங்கள் சொல்லவில்லை. வெடிப்புக்கு வயது தெரியாது. மேல் விந்தியத்தின் வயது நீண்டகாலம் சர்ச்சையில் இருந்தது. இப்போது பலர் ஏறத்தாழ நூறு கோடி என்று கொள்வதற்கு வேறு வகை அளவீடுகள் காரணம். வழிகாட்டி சொன்ன எண் தவறில்லை, ஆனால் அந்தப் பலகையிலிருந்து வந்ததில்லை.

கடைசியாக, காய்ந்தது என்று நிரூபணமானாலும் "பாலைவனம்" என்று தாவிவிடக் கூடாது. மழை கொட்டும் ஆற்றங்கரையிலும், மாதத்தில் சில நாள் மட்டும் பெரிய ஓதம் (கடல் ஏற்றம்) ஏறும் கடற்கரை மேட்டிலும் சேறு அழகாக வெடிக்கும். பாலையா, பருவமழை நாடா, ஓதத் தரையா என்பதை ஒற்றைப் பலகையில் தேட முடியாது. அதற்குக் கல் வெட்டிய குவாரிச் சுவருக்குப் போய், எந்த அடுக்குக்கு மேல் எது வருகிறது, வெடித்த பரப்பு எத்தனை தடவை திரும்ப வருகிறது, இடையில் ஓதத்தின் முன்னும் பின்னுமான ஓட்டம் தெரிகிறதா என்று அடியிலிருந்து மேல்வரை அளந்து எழுத வேண்டும். உங்களிடம் பலகை ஓரத்தின் படம் இருந்தால், பக்கத்தில் ஒரு நாணயமோ பேனாவோ அளவுக்கு இருந்தால் இன்னும் நல்லது, அதைப் போடுங்கள். வெடிப்பு பற்றியாவது உறுதியாக ஏதாவது சொல்லப் பார்க்கிறேன்.